வருஷம் போடாத துண்டு

போன மாசம் மட்டக்களப்புல எங்க பக்கத்து இளைஞர் கழகம் ஒண்டு மீட்டிங்குக்கு கூப்பிட்டிருந்தாங்க. வன்முறைக்கு எதிரா ரோட்டோரச் சுவருல பெரிய ஓவியம் ஒண்டு கீறப் போறாங்களாம், பெயின்றுக்கு காசு கிடைச்சிட்டாம், கீறுறதுக்கு கொழும்புல இருந்து ஒரு ஆர்ட்டிஸ்ட் வாறாராம். டிசைனையும் போன்ல காட்டினாங்க. நடுவுல வெள்ளைப் புறா, கீழ மூண்டு பொம்புளயள் கைகோத்து நிக்கிறாங்க, ஒருத்திக்கு நெத்தியில பொட்டு, ஒருத்திக்கு தலையில பர்தா, ஒருத்திக்கு கழுத்துல சிலுவை. நல்ல பிள்ளைகள், உண்மையான ஆசையோடதான் செய்றாங்க, அதுல எனக்கு சந்தேகமே இல்ல. "அக்கா, நீங்க என்ன சொல்றியள்?" எண்டு கேட்டாங்க. ரெண்டு நிமிசத்துல சொல்லி முடிக்கிற விசயமில்ல, அதால எழுதி அனுப்புறன் எண்டு சொல்லிட்டு வந்தன். எழுதத் தொடங்கினா நீண்டுகொண்டே போகுது, சரி எல்லாரும் வாசிக்கட்டும் எண்டு இங்கயே போடுறன்.

அவங்க கீறப் போற சுவருல ஏற்கனவே ஒரு புறா இருக்கு. 2019 நவம்பர்ல ஜனாதிபதித் தேர்தல் முடிஞ்ச கையோட நாடு முழுக்க பெடியன்மார் பிரஷ்ஷையும் வாளியையும் தூக்கிக்கொண்டு இறங்கினது ஞாபகம் இருக்கும், அந்த நேரம் வந்த புறா அது. அந்த வருஷம் ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறுதான் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்துல குண்டு வெடிச்சது. செத்ததுல எத்தின பேர் சின்னப் பிள்ளைகள் எண்டு இங்க இருக்கிற ஒருத்தருக்கும் நான் சொல்லத் தேவையில்ல. குண்டக் கட்டிக்கொண்டு வந்தவன் காத்தான்குடியான் எண்டு தெரிஞ்ச நாள்ல இருந்து, முஸ்லிம் கடைக்குப் போகாத, அவங்கட்ட வாங்காத, அவங்களுக்கு விக்காத எண்டு வட்ஸ்அப்ல விடிய விடிய மெசேஜ். நான் ஆரையம்பதி, அது தமிழ் ஊர், காத்தான்குடி முஸ்லிம் ஊர். எங்களுக்கும் காத்தான்குடிக்கும் நடுவுல மலையுமில்ல ஆறுமில்ல, ஒரு வளவு முடிய அடுத்த வளவு. எங்க வீட்டுக் கலியாணச் சீலையெல்லாம் காத்தான்குடியில எடுத்ததுதான், அம்மம்மா காலத்துல இருந்து. அந்த வருஷம் எங்க தெருவுல ஒரு கலியாணத்துக்கு திருகோணமலைக்குப் போய் சீலை எடுத்தாங்க. அந்தளவு கசப்புக்கு நடுவுலதான் அந்தப் புறாவக் கீறினாங்க. ரெண்டு மாரிக்குள்ள பாசி பிடிச்சுது, மறுகா ஓஎல் டியூஷன் போஸ்டர், மறுகா கண்ணீர் அஞ்சலி, மறுகா எலெக்ஷன். ஒட்டுறவனப் பாத்து "தம்பி, படம் மறையுது" எண்டு ஒரு ஆளாவது சொல்லியிருந்தா நான் இத எழுதியிருக்க மாட்டன். ஒருத்தரும் சொல்லல்ல, ஏனெண்டா அந்தப் படத்துல எங்கட கதை ஒண்டும் இல்ல. ஆரு ஆருக்கு என்ன செஞ்சது எண்டு இல்ல. அடிச்சவனும் இல்ல, அடிபட்டவளும் இல்ல. நடந்ததுக்கு மேல நல்ல வடிவா வெள்ளையடிச்சு, அதுக்கு மேல ஒரு குருவி.

தனித்தனியா அழுறம்

இந்த மாவட்டத்துல நினைவிடத்துக்கு பஞ்சமில்ல. காத்தான்குடி மீரா ஜும்ஆப் பள்ளிவாசல் சுவருல சன்னம் பாஞ்ச துளையள இன்னமும் பூசாம வெச்சிருக்காங்க. 1990 ஆகஸ்ட் 3, இஷாத் தொழுகையில நிண்ட ஆக்கள புலிகள் பின்னால இருந்து சுட்டாங்க, மீராப் பள்ளியிலயும் ஹுசைனியாப் பள்ளியிலயுமா நூத்துக்கு மேல. ஒரு கிழமை கழிச்சு ஏறாவூர், அதுவும் நூத்துக்கு மேல. அடுத்த மாசம் செப்டெம்பர் 5, வந்தாறுமூலை கம்பஸ்ல அகதியா இருந்த 158 தமிழ் ஆக்கள ஆமி ஏத்திக்கொண்டு போச்சு, ஒருத்தரும் திரும்பி வரல்ல. நாலு நாள் கழிச்சு சத்துருக்கொண்டான், கொக்குவில், பனிச்சையடி, பிள்ளையாரடித் தமிழ் ஆக்கள ஆமி கொலை செஞ்சது. அதுல கைப்பிள்ளையும் இருந்தது, கிழவியும் இருந்தது. அங்க ஒரு தூபி இருக்கு. கொக்கட்டிச்சோலைக்கும் ஒண்டு. எல்லாம் ஒரு காரைத் திருப்பினா ஒரு பகலுக்குள்ள பாத்து முடிக்கிற தூரம்.

ஆனா ஆர் எங்க போறாங்க எண்டு பாருங்க. செப்டெம்பர் 9இல சத்துருக்கொண்டான்ல விளக்கு ஏத்துறது எங்கட ஆக்கள். ஆகஸ்ட் 3இல துஆ கேக்கிறது அவங்கட ஆக்கள். ஒருத்தர்ட நினைவு நாளுக்கு மற்றவங்க போனத என்ட கண்ணால நான் பாக்கல்ல. ஒவ்வொரு சுவரும் ஒவ்வொரு தூபியும் மற்றவன் எங்களுக்கு செஞ்சத சொல்லுது, அது சொல்லத்தான் வேணும், அத அழிக்கச் சொல்றவன் மனுசனே இல்ல. ஆனா நாங்க செஞ்சது? எங்கட பேரச் சொல்லிக்கொண்டு எங்கட ஆக்கள் செஞ்சது? அதுக்கு எந்த ஊர்லயும் ஒரு கல்லு நட்டத நான் பாக்கல்ல. அதாலதான் எனக்கு கொஞ்ச வருஷமா ஒரு எண்ணம் விடாம பிடிச்சிருக்கு: மற்றவன்ட வன்முறையச் சொல்லுற கலை எங்கள ஒவ்வொரு பக்கமா ஒண்டு சேக்கும், ஆருடையதுமில்லாத வன்முறையச் சொல்லுற கலை ஒருத்தரையும் ஒண்டு சேக்காது, எங்கட சொந்த வீட்டு வன்முறைய நாங்களே வெளிய கொண்டு வந்தா மட்டுந்தான் ரெண்டு பக்கமும் ஒரு இடத்துல நிக்க ஏலும். இத நான் புத்தகத்துல படிச்சு சொல்லல்ல, ஒரு தையல் வேலையில பாத்துதான் சொல்றன்.

பழஞ்சீலையும் ஊசியும்

இதொண்டும் மட்டக்களப்புக்கு புதுசில்ல எண்டு முதல்ல சொல்லிர்றன். சண்டை நடந்துகொண்டிருந்த 1996இல கனடாவுல இருந்து வந்த போல் ஹோகன் எண்ட ஓவியரும் எங்கட போல் சற்குணநாயகம் பாதரும் சேர்ந்து வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவ தொடங்கினாங்க, தமிழ் ஊர்ப் பிள்ளைகளும் முஸ்லிம் ஊர்ப் பிள்ளைகளும் ஒரே பஸ்ல வந்து இறங்கி களிமண்ணக் குழைச்சு விளையாடின இடம் அது. சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையத்துப் பொம்புளயள் தெருவுல இறங்கி பறை அடிச்சு, நாடகம் போட்டு, வீட்டுக்குள்ள நடக்கிறத ரோட்டுல சொன்னாங்க. சீலாமுனையில நாடகக்காரர் ஜெயசங்கரும் மூன்றாவது கண் எண்ட குழு ஆக்களும் ஊர்ச் சனத்தோட இருந்து கூத்த மீளுருவாக்கம் செஞ்சப்ப, கூத்துல பொம்புளய இழிவா சொல்லுற இடத்த மாத்துறதா விடுறதா எண்டு களரியிலயே கதைச்சாங்க. அதவிட, கண்ணகி கோபத்த ஆத்துறதுக்கு வருஷா வருஷம் வைகாசியில ஊரே திரண்டு குளிர்த்தி பாடுற சனம் நாங்க. புருசனாலயும் ராசாவாலயும் அநியாயம் செய்யப்பட்ட ஒரு பொம்புளட கோபத்த கோயில்ல வெச்சுக் கும்பிடுறம், பக்கத்து வீட்டுல அடிவாங்குறவள்ட சத்தம் கேட்டா ரேடியோவ கூட்டி வைக்கிறம்.

என்ட சினேகிதி ஒருத்தி காத்தான்குடி, தையல் படிப்பிக்கிறா. நவம்பர் 25இல தொடங்கி டிசம்பர் 10 வரைக்கும் வருமே பெண்களுக்கெதிரான வன்முறைக்கு எதிரான 16 நாள், அந்த நேரம் எல்லா இடத்துலயும் பனர் கட்டி ஊர்வலம் போய் போட்டோ எடுக்கிறத பாத்து எங்க ரெண்டு பேருக்கும் அலுத்திருந்தது. சிலியில 1973இல இராணுவம் ஆட்சியப் பிடிச்சு ஆக்களக் காணாமலாக்கினப்ப, அங்கத்தப் பொம்புளயள் கிழிஞ்ச துணியளச் சாக்குத் துணியில வெச்சு தங்கட கதையத் தச்சாங்க, அத களவா வெளிநாட்டுக்கு அனுப்பி உலகத்துக்கு காட்டினாங்க. அமெரிக்காவுல 1990இல மசாசூசெட்ஸ் பக்கத்து ஒரு சின்ன ஊர்ல, அடிவாங்கின பொம்புளயள் தங்கட கதைய சேர்ட்டுல எழுதி கொடியில தொங்கவிட்டாங்க, உடுப்பு காயப்போடுற மாதிரி. இந்த ரெண்டையும் எங்கயோ கேள்விப்பட்டிருந்தம். நாங்களும் தைப்பம் எண்டு முடிவெடுத்தம். எங்கட்ட பழஞ்சீலை இருக்கு, மருதமுனைக் கைத்தறித் துணி இருக்கு, தைக்கத் தெரிஞ்ச கை எத்தினையோ இருக்கு. காசு கேட்டு ஒரு இடத்துக்கும் எழுதல்ல.

வந்த பொம்புளயள் பாதி தமிழ், பாதி முஸ்லிம். முதல் நாளே ஒரு பிரச்சின வந்தது, அது எங்களுக்கு நல்லதாப் போச்சு. ரெண்டு மூண்டு பேர் உருவம் தைக்க எங்களுக்கு மனமில்ல, மார்க்கத்துல சரியில்ல எண்டு சொன்னாங்க. சரி, அப்ப ஆள் வேணாம், முகம் வேணாம், சாமான் மட்டும் தைப்பம் எண்டு தீர்மானிச்சம். முகம் போனதும் பொட்டும் பர்தாவும் சிலுவையும் தானாப் போயிட்டுது. மிஞ்சினது செருப்பு, கதவு, சைக்கிள், குடம். பாக்கிறவங்களுக்கு இது எந்தச் சமூகத்துப் பொம்புளட துண்டு எண்டு கண்டுபிடிக்க ஏலாது. புறாப் படம் கீறப்போற தம்பிமாருக்கு நான் சொல்ல நினைச்ச முதலாவது விசயம் இதுதான்: மூண்டு அடையாளத்த மூண்டு பேருக்கு மாட்டிவிட்டு கைகோக்க விடுறது ஒற்றுமை இல்ல, அது ஆக்கள எண்ணிக் காட்டுறது.

ஆனா சாமான் தைக்கச் சொன்னாலும் முதல்ல எல்லாரும் தச்சது சண்டையத்தான். எங்க பக்கத்து அக்கா ஒருத்தி சறத்த மடிச்சு வெச்ச மாதிரி தச்சு கீழ 1990 எண்டு போட்டா, அவட அண்ணன்ட சறம். அந்தப் பக்கம் ஒருத்தி தொப்பி ஒண்டத் தச்சு, அதுலயும் 1990. ஒருத்தி சின்னப் பிள்ளைட வெள்ளச் சப்பாத்த தச்சு 2019 எண்டு போட்டப்ப முஸ்லிம் பொம்புளயள் நாலஞ்சு பேர் ஊசிய கீழ வெச்சிட்டாங்க. ஒருத்தரும் ஒண்டும் கதைக்கல்ல. பிளேன்ரீ வந்தது, குடிச்சம், போயிட்டம். அடுத்த முறை ஆக்கள் குறைஞ்சு போச்சு, வந்தவங்களும் இந்தப் பக்கம் ஒரு கூட்டம், அந்தப் பக்கம் ஒரு கூட்டமா இருந்தாங்க. நானும் சினேகிதியும் இது இத்தோட சரி எண்டுதான் நினைச்சம்.

அகப்பை

அந்தக் கூட்டத்துல வயசான முஸ்லிம் ராத்தா ஒருத்தி இருந்தா, அறுபதுக்கு மேல இருக்கும், கண்ணாடிய மூக்கு நுனியில வெச்சுக்கொண்டு ஒரு கதையுமில்லாம தைப்பா. பழைய மஞ்சச் சீலைத் துண்டு ஒண்டுல அவ தச்சது ஒரு அகப்பை. சிரட்டை அகப்பை. காம்பு நீளம், அந்தக் காம்ப மட்டும் சிவப்பு நூலால திரும்பத் திரும்ப ஓடி ஓடித் தச்சிருந்தா, தொட்டா கயிறு கணக்கா தடிச்சிருக்கும். சுத்திவர வேற ஒண்டும் இல்ல. சினேகிதி கிட்டப் போய், மற்றவங்கட துண்டுல எல்லாம் வருஷம் இருக்கிறதால, "ராத்தா, இது எந்த வருஷம்? கீழ போட்டு விடுங்க" எண்டு கேட்டா. ராத்தா தலைய நிமித்தாமலே சொன்னா, "வருஷம் போட்டா முடிஞ்சுபோன விசயமாப் போயிருமே புள்ள. இது முடியல்ல."

அந்த அறையில அப்ப வந்த அமைதிய எனக்கு எழுதத் தெரியாது. சறம் தச்ச எங்கட அக்கா அந்தப் பக்கத்துல இருந்து எழும்பி வந்தா, ராத்தாட பக்கத்துல பாயில குந்தினா, அந்தக் காம்ப விரலால தடவிப் பாத்தா, பாத்திட்டு கேட்டா: "காம்பாலயா ராத்தா, இல்லாட்டி கறி கொதிக்கிற அகப்பையாலயேயா?" அது துக்கம் விசாரிக்கிற கேள்வி இல்ல. தெரிஞ்சவ கேக்கிற கேள்வி. ராத்தா கண்ணாடியக் கழட்டிட்டு அவட முகத்தப் பாத்தா. "ரெண்டாலயும்" எண்டா. மறுகா, "உனக்கு?" எண்டு கேட்டா. அக்கா, "பெல்ட்" எண்டா.

அண்டைக்கு ஒருத்தரும் நேரத்துக்கு வீட்ட போகல்ல. ரெண்டு கூட்டமா இருந்த பாய் எப்பிடி ஒண்டாச்சு எண்டு நான் பாக்கல்ல, பாத்தா எல்லாரும் கலந்துதான் இருந்தாங்க. ஒருத்தி போன உடைச்சதச் சொன்னா, ஒருத்தி வெளியால பூட்டிட்டுப் போற கதவச் சொன்னா, ஒருத்தி லோன் காசுக்கு வாற ஆளுக்கு முன்னால வெச்சு அடிவாங்கினதச் சொன்னா. எங்கட பக்கம் மத்தியஸ்தம் எண்டு போனா என்ன புத்திமதி சொல்லுவாங்களோ, அவங்கட பக்கம் காதி நீதிபதிட்ட போனாலும் அதே புத்திமதிதான் எண்டு அண்டைக்குத்தான் எங்களுக்குத் தெரிஞ்சது, பிள்ளைகளுக்காகப் பொறுத்துக்கொள்ளச் சொல்லித்தான் எல்லா இடமும். முப்பது வருஷமா அடுத்தடுத்த வளவுல இருந்தும் இத நாங்க ஒருத்தரை ஒருத்தர் கேட்டதே இல்ல. ஆஸ்பத்திரியில நட்பு நிலையம் எண்டு ஒரு இடம் இருக்கு, அடிபட்டு வந்தா அங்க தனிய இருத்திக் கதைக்கலாம் எண்டு ஒரு தமிழ்ப் பிள்ளை சொன்னா, முஸ்லிம் பொம்புளயள் முக்காவாசிப் பேருக்கு அது தெரியாது. 1938 எண்ட பெண்கள் உதவி நம்பரையும், 2005இல வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தால நீதவான்ட்ட பாதுகாப்புக் கட்டளை எடுக்கலாம் எண்டதையும் காத்தான்குடிப் பிள்ளை ஒருத்தி விளங்கப்படுத்தினா, அது எங்கட பக்கத்து ஆக்களுக்குத் தெரியாது. 2019இல புள்ளிவிபரத் திணைக்களம் நாடு முழுக்க கணக்கெடுத்து, புருசனோட வாழ்ந்த பொம்புளயள்ல அஞ்சில ஒருத்தி அவனால உடல்ரீதியாவோ பாலியல்ரீதியாவோ வன்முறைக்கு ஆளாகியிருக்கா எண்டு சொன்னது. அதே 2019. நாங்க அந்த வருஷம் முழுக்க மற்ற ஊர்க்காரனுக்குப் பயந்துகொண்டு கதவப் பூட்டிக்கொண்டு படுத்தம், பூட்டின கதவுக்கு உள்ளுக்க என்ன நடந்தது எண்டு கேக்க ஆளில்ல.

இன்னொண்டும் நடந்தது, அத நான் எதிர்பாக்கல்ல. வீட்டு அடியப் பத்திக் கதைச்ச பிறகுதான் 1990ஐப் பத்தியும் கதைக்க முடிஞ்சது. தையல் மெஷின் சினேகிதிட்டத்தான் இருக்கு, அதால எல்லாத் துண்டுக்கும் ஓரம் அடிச்சது அவதான். சறத் துண்டுக்கு ஓரம் அடிக்கிறப்ப அக்காவக் கூப்பிட்டு கேட்டிருக்கா, இது ஆர்ட எண்டு. அக்காட குடும்பம் சத்துருக்கொண்டான், சொல்லியிருக்கா. மறுகா சினேகிதி தன்ட மாமாட தொப்பியச் சொல்லியிருக்கா, ஆகஸ்ட் 3. ரெண்டு பேரும் ஒப்பிட்டுப் பாக்கல்ல, எங்களுக்கு கூட, உங்களுக்கு குறைய எண்டு கணக்குப் பாக்கல்ல. வெள்ளச் சப்பாத்துக்கு ஓரம் அடிக்கிறப்ப சினேகிதி அழுதுகொண்டுதான் அடிச்சா எண்டு அந்தத் துண்டத் தச்ச தங்கச்சியே எனக்குச் சொன்னா. கொலம்பியாவுல டோரிஸ் சல்செடோ எண்ட கலைஞர், 2016 சமாதான ஒப்பந்தத்துக்குப் பிறகு போராளிகள் கையளிச்ச 37 தொன் ஆயுதத்த உருக்கி பொகோட்டாவுல ஒரு மண்டபத்துக்குத் தரை போட்டா, 2018இல. அந்தத் தரைக்கு அச்சு எடுக்கிறதுக்கு தகட்டச் சுத்தியலால அடிச்சு நெளிச்சவங்க போர்ல பாலியல் வன்முறைக்கு ஆளான பொம்புளயள். அதப் படிச்சப்ப எனக்கு பிடிபட்டது, கடைசியா வாற பொருள்ல இல்ல விசயம், அந்தச் சுத்தியல் ஆர்ட கையில இருந்தது எண்டதுலதான். எங்கட ஓரத் தையலும் அதுதான்.

ரோட்டுல தொங்கவிடுறதா

தைக்கிறது ஒண்டு, தெருவுல தொங்கவிடுறது வேற. அதுலதான் உண்மையான சண்டை வந்தது. தமிழ்ப் பொம்புளயள், எங்கட ஆம்புளயள்ட வண்டவாளத்த முஸ்லிம் ஆக்களுக்கு முன்னால காட்டினா ஊருக்குள்ள தலை காட்ட ஏலாது எண்டாங்க. முஸ்லிம் பொம்புளயள் சொன்ன காரணம் இன்னும் கனமானது: "2019க்குப் பிறகு எங்கட ஆம்புளயள எல்லாரும் பயங்கரவாதி எண்டுதான் பாக்கிறாங்க, இதையும் நாங்களே தொங்கவிட்டா, பாத்தியா இவங்க இப்பிடித்தான் எண்டு சொல்ல மாட்டாங்களா?" அந்தப் பயத்த நான் லேசா எடுக்கல்ல. ஒரு சமூகம் நெருக்கடியில இருக்கிறப்ப அதுக்குள்ள இருக்கிற பொம்புளட்ட எப்பவும் இதத்தான் கேக்கிறாங்க, இப்ப வேணாம், எதிரிக்கு ஆயுதம் குடுக்காத, பிறகு பாப்பம் எண்டு. போராட்ட காலத்துல எங்களுக்கும் இதத்தான் சொன்னாங்க. அந்தப் பிறகு வரவே இல்ல. கடைசியில ஒரு பிள்ளை சொன்ன யோசனைதான் சரிவந்தது, ஒவ்வொரு துண்டையும் தனியத் தொங்கவிடாம எல்லாத்தையும் ஒண்டா இணைச்சு நீளமா ஒரே சீலையாக்கிற எண்டு. எந்த ஊருத் துண்டுக்குப் பக்கத்துல எந்த ஊருத் துண்டு எண்டு எங்களுக்கே மறந்து போகுமளவுக்கு கலந்துதான் இணைச்சம். பேர் இல்ல. 1990ம் 2019ம் அதுலயே இருந்தது, எடுக்கச் சொன்னவங்க இருந்தாங்க, நான் எடுக்க ஒண்ணா எண்டு நிண்டன். அகப்பைக்குப் பக்கத்துல சறம், சறத்துக்குப் பக்கத்துல தொப்பி, பெல்ட், வெள்ளச் சப்பாத்து.

அனுமதி எடுக்க அலைஞ்ச கதைய விடுறன். ரெண்டு ஊரும் முட்டுற ஒழுங்கையில, வேப்ப மரத்துல இருந்து லைட் போஸ்ற் வரைக்கும் கயிறு கட்டித் தொங்கவிட்டம். பக்கத்துல ஓட்டோ ஸ்டாண்ட். காலையில முழுக்க ஓட்டோக்காரர் ஒருத்தரும் அந்தப் பக்கம் திரும்பல்ல, திரும்பினா தங்களத்தான் சொல்லுறாங்க எண்டு ஆயிருமோ எண்ட மாதிரி. ஒரு பெடியன் மோட்டபைக்க நிப்பாட்டி, ஊர் மானத்த கயித்துல போட்டிருக்கிறியள் எண்டு சத்தம் போட்டுட்டுப் போனான். பொம்புளப் பிள்ளைகள் ஸ்கூல் விட்டு வாறப்ப நிண்டு நிண்டு பாத்தாங்க, ஒரு பிள்ளை போன உடைச்ச துண்டுக்குக் கிட்ட கனநேரம் நிண்டது.

பின்னேரம் மாரி மழை, சொல்லாம கொள்ளாம ஒரேயடியா கொட்டினது. நாங்க ஓடிப் போறதுக்குள்ள ஓட்டோக்காரர் எல்லாரும் இறங்கி ஓடி வந்துட்டாங்க, கொடியில கிடக்கிற உடுப்பு மழையில நனையிறதப் பாத்துக்கொண்டு சும்மா இருக்க எங்கட ஊர்ல ஒருத்தராலயும் ஏலாது. கயித்த அவுத்து, சீலையச் சுருட்டி, பக்கத்துக் கடை விறாந்தைக்கு கொண்டு வந்து, ஆளுக்கொரு பக்கமாப் பிடிச்சுப் பிழிஞ்சாங்க. பிழியிறதுக்கு துணியப் பாத்துத்தானே ஆகணும். அகப்பை இருந்த இடம் ஒரு தமிழ்ப் பெடியன்ட கையில வந்தது. "இது என்னது, அகப்பையா?" எண்டான். ராத்தா அங்கதான் நிண்டா, "ஓம் மனே" எண்டு மட்டும் சொன்னா. அவனுக்கு விளங்கிட்டுது, கைய எங்க வைக்கிற எண்டு தெரியாம நிண்டான். அப்ப மற்றப் பக்கத்தப் பிடிச்சுக்கொண்டிருந்த காக்கா ஒராள், ஐம்பது வயசிருக்கும், காத்தான்குடிக்காரர், ஆரையும் பாக்காம சொன்னார்: "எங்கட வாப்பா உம்மாக்கு விறகுக்கட்டையால அடிப்பார். நாங்க கட்டிலுக்குக் கீழ இருப்பம்." சுத்தி நிண்டது அரைவாசி தமிழ் ஆக்கள். தன்ட வாப்பாவப் பத்தி, மற்றச் சமூகத்து ஆம்புளயள்ட முன்னால, ரோட்டோரத்துல வெச்சு ஒரு மனுசன் அப்பிடிச் சொல்லி நான் அதுக்கு முதல் கேட்டதில்ல. ஒருத்தரும் அதுக்கு பதில் சொல்லல்ல, ஆனா ஒருத்தரும் சிரிக்கவும் இல்ல. மழை விட்ட பிறகு திரும்பக் கட்டினது அவங்கதான், எங்கள விட உயரமா, நல்ல இறுக்கமா.

அதால அடி நிண்டுட்டுதா எண்டு கேட்டா இல்ல. ராத்தாட வீட்டுல நிக்கல்ல எண்டு எனக்குத் தெரியும். ஆனா ஒண்டு ரெண்டு பேர் நட்பு நிலையத்துக்குப் போனாங்க, தனியப் போகல்ல, மற்ற ஊர்க்காரி ஒருத்திய கூட்டிக்கொண்டு போனாங்க, சொந்த ஊர்க்காரிய கூட்டிப்போனா கதை பரவும் எண்டு. அடுத்த ஊர்க்காரி எண்டது பாதுகாப்பா மாறினது எனக்கு பெரிய விசயம். மறுகா ஒரு நாள் வட்ஸ்அப்ல ஒரு பொய்க்கதை ஓடினது, எங்கட பிள்ளைய அவங்க தூக்கிட்டாங்க எண்டு. 2018 பெப்ரவரியில அம்பாறை டவுன்ல முஸ்லிம் கடைக் கொத்துரொட்டிக்குள்ள மலட்டு மாத்திரை எண்டு ஒரு கதைதானே கிளம்பினது, கடையையும் பள்ளிவாசலையும் உடைச்ச பிறகு பரிசோதிச்சா அது மாவுக்கட்டி. அப்பிடியான ராவுல எடுத்துக் கேக்கிறதுக்கு மற்றப் பக்கத்துல ஒரு ஆள் இருக்கணும். எங்களுக்கு இருந்தது. சறம் தச்ச அக்கா சினேகிதிக்கு கோல் எடுத்தா, சினேகிதி விசாரிச்சா, அப்பிடி ஒண்டுமே நடக்கல்ல, ரெண்டு பக்கத்து வீடுகளுக்கும் சொல்லி விட்டம். பொலிஸ் வரத் தேவை வரல்ல.

ஆகையால் தம்பிமாரே, நான் படம் கீற வேணாம் எண்டு சொல்லல்ல. கீறின டிசைனோட ஆள் வர வேணாம் எண்டுதான் சொல்றன். சுவர வெறுமையா விட்டுட்டு முதல்ல இருந்து கதைங்க, உங்கட கழகத்துக்குள்ள எத்தின பேர் வீட்டுல அகப்பை இருக்கு எண்டு கேளுங்க, அதுக்கு ஒரு வருஷம் போனாலும் போகட்டும். பெயின்ற் காசு கொடுத்தவங்க டிசம்பர் 10க்கு முதல் போட்டோ கேப்பாங்க எண்டு எனக்குத் தெரியும், அவங்களுக்கு கடிதம் எழுத நான் உதவி செய்றன். படத்துல எங்கட ஆக்கள் செஞ்ச ஒண்டாவது இருக்கணும், தமிழ் ஆக்கள் செஞ்சத தமிழ்ப் பெடியன் கீறணும், முஸ்லிம் ஆக்கள் செஞ்சத முஸ்லிம் பெடியன் கீறணும். அதுக்கு உங்கள்ல ஒருத்தருக்கும் தைரியம் வரல்ல எண்டா அந்தச் சுவரப் பாசிக்கே விட்டிருங்க.

எங்களுக்குள்ளயும் இப்ப ஒரு சண்டை ஓடுது. அந்த விறாந்தையில நிண்ட ஓட்டோக்காரர் மூண்டு நாலு பேர் இந்த முறை தாங்களும் தைக்கலாமா எண்டு கேட்டிருக்காங்க. பொம்புளயள்ல முக்காவாசிப் பேர் வேணாம் எண்டு நிக்கிறாங்க, ஆம்புள வந்து குந்தினா ஒருத்தியும் வாய் திறக்க மாட்டா, மறுகா அவங்கதான் தலைமை தாங்குவாங்க எண்டு, அதுவும் நடக்கக்கூடியதுதான். என்ட நிலைப்பாடு வேற, அவங்க தங்களுக்குள்ள தனிய ஒரு இடத்துல இருந்து தைக்கட்டும், தாங்கள் சின்ன வயசுல கட்டிலுக்குக் கீழ இருந்து கண்டதத் தைக்கட்டும், இப்ப தங்கட கையால செய்றதையும் தைக்கட்டும், ஓரம் அடிக்க மட்டும் எங்கட்ட தரட்டும். ராத்தா இன்னும் ஒரு பக்கமும் சொல்லல்ல. வாற ஞாயிற்றுக்கிழமை சினேகிதி வீட்டுல கூடி முடிவெடுக்கிறம். ஆரையம்பதி, காத்தான்குடிப் பக்கத்துப் பொம்புளயள் ஆரும் வரலாம், ஒரு பழஞ்சீலை கொண்டு வாங்க, ஊசி நூல் இருக்கு, பேர் கேக்க மாட்டம்.